மலேரியா உடலில் உறையும் இடங்கள்

மலேரியாக் காய்ச்சலைப் பற்றி நீங்கள் எல்லோரும் பாடநூலில் படித்திருப்பீர்கள். கொசு கடிக்கிறது, ஒட்டுண்ணி இரத்தத்தில் சேர்கிறது, குளிரும் காய்ச்சலும் வருகின்றன, இன்னொரு கொசு அந்த இரத்தத்தைக் குடித்து வேறொருவருக்குக் கொண்டுசெல்கிறது. இதனை வட்டமாக வரைந்து படமும் போட்டிருப்பார்கள். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் அந்த வட்டத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பைப் பார்த்து ஒரு வினா விடுப்பது வழக்கம். கொசு கடித்த நாளுக்கும் காய்ச்சல் கண்ட நாளுக்கும் இடையே பத்துப் பதினைந்து நாள் கழிகின்றனவே, அத்தனை நாளும் அந்த ஒட்டுண்ணி எங்கே இருந்தது? பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் 'இரத்தத்தில்' என்பார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெரிய பெரிய விஞ்ஞானிகளே ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் அந்த விடையைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்நோய் நம் மதுரைச் சீமைக்குப் புதியதன்று. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர், திருநெல்வேலிப் பகுதிகளில் ஒரு பெருங்காய்ச்சல் பரவிற்று. அதன் காரணத்தை ஆராயும்படி மருத்துவர் குழு ஒன்று பணிக்கப்பட்டது. விட்லா எயின்ஸ்லி என்னும் மருத்துவர் அக்குழுவில் ஒருவர். அவர்கள் எழுதிய அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாகவும் வெளிவந்தது. ஆனால் அக்காலத்து மருத்துவ உலகம் சதுப்பு நிலத்திலிருந்தும் காட்டிலிருந்தும் எழும் நச்சுக் காற்றே இத்தகைய காய்ச்சலுக்குக் காரணம் என்று எண்ணியது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதானே பொருள்!

பின்னர், 1887இல் தொடங்கிய பெரியாற்று அணை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பென்னிகுவிக் துரை மேற்பார்வையில் மலைக்காட்டில் உழைத்த தொழிலாளரை மலேரியா வாட்டியெடுத்தது. பலர் அங்கேயே மாண்டனர். 1895இல் அணை திறக்கப்பட்டது. அந்த நீர் வைகையில் இறங்கி, பேரணையில் கால்வாயாகப் பிரிந்து, எங்கள் வாடிப்பட்டி வட்டாரத்து வயல்களை இருபோக நிலமாக்கிற்று. அந்த நெல்லை உண்டு வளர்ந்தவன் நான். அணையில் மாண்டவர்களுக்குத் தங்களைக் கொல்வது கொசுவின் வழியாக வரும் ஓர் உயிர் என்பது தெரியாது. அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் செகந்தராபாத்தில் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் அந்த ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டது 1897 ஆகஸ்டு 20ஆம் நாள். அணை திறந்து இரண்டே ஆண்டு!

ராஸுக்கு முன்பே, 1880இல், அல்ஜீரிய நாட்டில் லவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். சில ஆண்டுகளில் கோல்ஜி என்னும் இத்தாலியர் இன்னொரு நுட்பத்தைக் கண்டறிந்தார். ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பருத்து, பல குட்டிகளாகப் பிளவுபட்டு, அந்த அணுவை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. அப்படி ஆயிரமாயிரம் அணுக்கள் ஒரே வேளையில் உடையும்போதுதான் நோயாளிக்குக் குளிர் எடுக்கிறது. ஒருவகை ஒட்டுண்ணி இச்சுற்றை 48 மணி நேரத்தில் முடிக்கும். இன்னொரு வகை 72 மணி நேரத்தில் முடிக்கும். நம் பாட்டிமார் 'முறைக்காய்ச்சல்' என்று சொல்லிவந்த சொல்லின் உட்பொருள் இதுவே. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, ஒருநாள் விட்டு ஒருநாள் அல்லது இரண்டு நாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் தன் முறைக்கு வந்து நிற்கும்.

கொசுவுக்குள் நடப்பது தெரிந்துவிட்டது. மனித இரத்தத்தில் நடப்பதும் தெரிந்துவிட்டது. இடையில் ஒரு கண்ணி மட்டும் விடுபட்டிருந்தது. கொசுவின் உமிழ்நீரோடு இறங்கும் ஒட்டுண்ணி ஊசிபோல் மெலிந்து நீண்டிருக்கும். ஸ்போரோசோவைட் என்று இதற்குப் பெயர்; நாம் 'வித்துயிர்' என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்துயிரின் தோற்றம் சிவப்பணுவுக்குள் காணும் உருவத்துக்குச் சிறிதும் ஒத்துவரவில்லை. ஆதலால் நடுவே வேறொரு நிலை இருக்க வேண்டுமென்று கிராஸி என்னும் இத்தாலிய அறிஞர் 1900ஆம் ஆண்டளவில் கருதினார். அது சரியான கருத்து. ஆனால் 1903இல் ஷௌடின் என்னும் ஜெர்மானியர், வித்துயிர் நேரே சிவப்பணுவைத் துளைத்துப் புகுவதைத் தம் கண்ணாலேயே நுண்ணோக்கியில் பார்த்ததாக எழுதினார். அவர் சாமானியரல்லர், மேகப்புண் நோயின் கிருமியைப் பின்னாளில் ஹாஃப்மனோடு சேர்ந்து கண்டுபிடித்த மேதை. அத்தகையவர் கண்டேன் என்றால் இல்லையென்று யார் கூறுவது? கிராஸியே தம் கருத்தைக் கைவிட்டார். ஷௌடின் கண்டதை மறுபடி ஒருவராலும் காண முடியவில்லை. ஆயினும் நூல்தோறும் அந்தப் படம் அச்சேறிக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவரின் வாக்கு பல சிறியவர்களின் கண்ணை மறைத்துவிடுகிறது என்பதற்கு அறிவியல் வரலாற்றில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல் தடயம் கோழிகளிடமிருந்து கிடைத்தது. இலங்கைக் கோழியின் இரத்தத்திலிருந்து ஒருவகை மலேரியா ஒட்டுண்ணியை 1935இல் புரூம்ப்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் பிரித்து விவரித்தார். இரண்டாண்டுகளில் இங்கிலாந்தில் ஜேம்ஸ், டேட் என்னும் இருவர், அந்த ஒட்டுண்ணி இரத்தத்துக்கு வெளியே, கோழியின் உடல் திசுக்களிலும் பெருகுவதைக் காட்டினர். இவ்விடத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக 1930களில் பணிபுரிந்தவர் ஹென்றி ஷார்ட். அவரும் மேனன், சீதாராம ஐயர் ஆகியோரும் இதே கோழி மலேரியாவை ஆராய்ந்து, திசுக்களில் அது கொள்ளும் உருவத்தைப் பற்றி 1940இல் கட்டுரை வெளியிட்டனர். அவ்வொட்டுண்ணியின் இயற்கையான இருப்பிடம் காட்டுக்கோழியே என்னும் செய்தியும் அவர்களுடைய ஆராய்ச்சியைச் சார்ந்தது. கிண்டிக் கோழிகளிடம் கற்ற பாடத்தை ஷார்ட் மறக்கவில்லை என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம்.

கோழிக்கு அப்படி, மனிதனுக்கு எப்படி? இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் ஃபேர்லி என்னும் மருத்துவர் ஓர் அருமையான சோதனை செய்தார். தாமாக முன்வந்த போர்வீரர்களை நோய்க்கொசுக்கள் கடிக்கும்படி செய்து, பிறகு குறித்த நேரங்களில் அவர்களின் இரத்தத்தை எடுத்து, நோயற்ற வேறு வீரர்களுக்கு ஏற்றினார். கடித்த அரைமணி நேரத்துக்குள் எடுத்த இரத்தம் நோயைக் கொடுத்தது. அதற்குப் பின் எடுத்த இரத்தம் கொடுக்கவில்லை! ஆறு ஏழு நாள் ஆனபின் ஒருவகை மலேரியாவிலும், எட்டு ஒன்பது நாள் ஆனபின் இன்னொரு வகையிலும் இரத்தம் மறுபடியும் நோய் தருவதாயிற்று. இடைப்பட்ட ஒரு வாரத்தில் ஒட்டுண்ணி இரத்தத்தில் இல்லவே இல்லை. அப்படியானால் எங்கே?

போர் முடிந்தபின் இலண்டனில் பணியாற்றிய ஷார்ட், கார்னம் என்பவரோடு சேர்ந்து அந்த ஒளிவிடத்தைத் தேடினார். குரங்கு மலேரியாவைச் சுமந்த கொசுக்கள் ஐந்நூறு அளவில் ஒரே குரங்கின்மேல் ஏவப்பட்டன. கொசு குறைந்தால் ஒட்டுண்ணியும் குறையும். குறைந்தால் கண்ணில் அகப்படாது. முன்னர்த் தேடியோர் பலர் தோற்றது இதனாலேயே எனலாம். ஏழாம் நாள் அந்தக் குரங்கின் உறுப்புகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கல்லீரலின் உயிரணுக்களுக்குள்ளே ஒட்டுண்ணிகள் கொத்துக் கொத்தாகப் பெருகியிருந்தன. அதே 1948ஆம் ஆண்டில் தாமாக முன்வந்த ஒரு மனிதரை ஆயிரத்துக்கும் அதிகமான நோய்க்கொசுக்கள் கடிக்கச் செய்து, அவருடைய கல்லீரலில் ஒரு சிறு துணுக்கை அறுத்தெடுத்துப் பார்த்தபோது அங்கும் அதே காட்சி. விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது. அந்த மனிதரின் துணிவை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இனி அந்த ஒட்டுண்ணியின் பின்னாலேயே நாமும் உடலுக்குள் செல்வோம். கொசு தன் ஊசியைச் செலுத்தும்போது பெரும்பாலும் நூற்றுக்கும் குறைவான வித்துயிர்களே இறங்குகின்றன. அவையும் நேரே இரத்தத்தில் விழுவதில்லை, தோலில் விழுகின்றன. அங்கே நெளிந்து நகர்ந்து ஒரு நுண்ணிய இரத்தக் குழாயைக் கண்டு உட்புகுபவை கல்லீரலை அடைகின்றன. அதனுடைய உயிரணு ஒன்றில் நுழைந்ததும் வித்துயிர் தன் ஊசி வடிவை விட்டு உருண்டு திரள்கிறது. பிறகு ஒரு வாரத்தில் அந்த ஒன்று பல்லாயிரமாகிறது; பால்சிபாரம் என்னும் கொடிய வகையில் ஒன்றிலிருந்து முப்பதினாயிரம்வரை தோன்றும் என்பர். நம் ஊரில் ஒருபிடி நெல்லை நாற்றங்காலில் பாவி, நாற்று வளர்ந்தபின் வயலெங்கும் நடுகிறோம் அல்லவா? கல்லீரல் மலேரியாவின் நாற்றங்கால். இரத்தம் நடவு வயல். நாற்றங்காலில் இருக்கும்வரை நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசி மந்தமும் இல்லை. ஓடியாடித் திரிவான்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். தாளும் எழுதுகோலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலின் பத்து உயிரணுக்களில் மட்டும் வித்துயிர் குடியேறியதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் முப்பதினாயிரம் என்றால் ஏழாம் நாள் மூன்று இலட்சம் ஒட்டுண்ணிகள் இரத்தத்தில் இறங்குகின்றன. பெரிய எண்தான். ஆனால் வளர்ந்த மனிதனின் உடலிலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி! ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி கொண்டு கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஐம்பது ஒட்டுண்ணியாவது இருந்தால் நல்லது. உடலிலுள்ள ஐந்து லிட்டருக்கும் அவ்வாறு கணக்கிட்டால் 25 கோடி வேண்டும். மூன்று இலட்சம் 25 கோடியைத் தாண்டுவதற்கு, 48 மணிக்கு ஒருமுறை பத்து மடங்கு பெருகுவதாக வைத்தால், மூன்று சுற்று ஆகும். அதாவது ஆறு நாள். கல்லீரலில் ஏழு, இரத்தத்தில் ஆறு, ஆகப் பதின்மூன்று. கொசு கடித்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வருவது ஏன் என்பது விளங்குகிறது. முந்தைய வாரம் இரத்தம் சோதித்து 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்த சீட்டின் மதிப்பும் விளங்குகிறது.

சிவப்பணுவுக்குள் நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனை உங்கள் நூல்கள் நன்றாகவே சொல்கின்றன. ஒன்றுமட்டும் கூறுவேன். வைவாக்ஸ் என்னும் வகை இளஞ் சிவப்பணுக்களுக்குள் மட்டுமே புகும். அத்தகைய இளம் அணுக்கள் இரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ஆகவே அதன் பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பால்சிபாரத்துக்கு இளையது முதியது என்ற வேறுபாடே கிடையாது. அது கொடியதாவதற்கு இஃது ஒரு காரணம்.

இரத்தத்திலும் ஒட்டுண்ணி நிம்மதியாக இருக்க முடியாது. இடப்பக்க விலாவுக்குள் மண்ணீரல் என்னும் உறுப்பு காவல் இருக்கிறது. வளையாத, விறைத்த சிவப்பணுக்களை அது வடிகட்டி அழிக்கிறது. ஒட்டுண்ணி புகுந்த அணு விறைத்துப்போவதால் அங்கே சிக்கிக்கொள்கிறது. ஓயாமல் வேலை செய்து மண்ணீரல் வீங்குவதைத்தான் நம் முன்னோர் 'காய்ச்சற்கட்டி' என்றார்கள். விலா எலும்புக்குக் கீழே கையை வைத்தால் தட்டுப்படும். ஓர் ஊரில் எத்தனை குழந்தைகளுக்குக் காய்ச்சற்கட்டி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தே அவ்வூரின் மலேரியா அளவை மருத்துவர்கள் மதிப்பிட்ட காலம் உண்டு. அண்மையில் ஒரு வியப்பான செய்தி வெளிவந்தது. இந்தோனேசியாவின் பாப்புவாப் பகுதியில், விபத்து முதலிய காரணங்களால் மண்ணீரலை அகற்ற நேர்ந்தவர்களின் உறுப்பை ஆராய்ந்து 2021இல் முடிவு வெளியிட்டனர். காய்ச்சலே இல்லாத அவர்களுடைய மண்ணீரலில் உயிருள்ள ஒட்டுண்ணிகள் நிறைந்திருந்தன. உடலில் இருந்தவற்றின் மிகப் பெரும்பகுதி ஓடும் இரத்தத்தில் இல்லை, அங்கேதான் இருந்தது. காவல் நிலையத்துக்குள்ளேயே கள்வன் குடியிருந்தான் என்று சொல்லலாம்.

பால்சிபாரம் இந்தக் காவலை வேறு வழியில் ஏய்க்கிறது. அது புகுந்த சிவப்பணுவின் மேற்புறத்தில் சிறு சிறு முடிச்சுகள் எழுகின்றன. அவற்றின் துணையால் அந்த அணு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலுக்குப் போகாமலே நின்றுவிடுகிறது. மூளையின் குழாய்களில் ஒட்டினால் நினைவு தப்பும். வலிப்பும் மரணமும் நேரலாம். கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடியில் ஒட்டினால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும். விரல் நுனியில் எடுத்த இரத்தத் துளியிலோ மோதிரம் போன்ற இளம் ஒட்டுண்ணிகள் மட்டுமே தென்படும். முதிர்ந்தவை உள்ளுறுப்புகளில் ஒட்டியிருக்கின்றன. கண்மாயின் ஆழத்தைக் கரையில் நிற்கும் நீரைக் கொண்டு அளக்க முயல்வது போன்றதே இது.

எலும்பு மஜ்ஜை இன்னோர் ஒளிவிடம். கொசுவுக்குள் சென்று இணைவதற்கென்று ஆண், பெண் உருவங்கள் சில ஒட்டுண்ணிகளிலிருந்து தோன்றுகின்றன. பால்சிபாரத்தின் இவ்வுருவங்கள் மஜ்ஜையில் தங்கி முதிர்வதை 2014இல் வெளியான ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. பத்து நாள் அளவில் முதிர்ந்தபின் பிறை வடிவில் இரத்தத்துக்கு வருகின்றன. இவை காய்ச்சலை உண்டாக்குவதில்லை. ஆகவே குணமாகி வேலைக்குப் போகும் ஒருவனுடைய இரத்தத்திலிருந்தும் கொசு அவற்றைப் பெற்றுச் செல்லக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட நம் நாட்டு மக்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எங்கள் இளமையில் மலேரியா ஒழிப்பு ஊழியர்கள் வீடுவீடாக வருவார்கள். சுவரில் டி.டி.டி. தெளித்துத் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். காய்ச்சல் என்றால் விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கசப்பு மாத்திரை தருவார்கள். 1958இல் நாடு முழுவதும் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் அது. ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைப் பீடித்திருந்த நோய் 1960களில் ஓரிலட்சம் அளவுக்கு இறங்கிற்று. 1976இல் மறுபடி அறுபது இலட்சத்துக்கு மேல் ஏறிவிட்டது. கொசு மருந்துக்குப் பழகியதும் ஊக்கம் தளர்ந்ததும் காரணங்கள். ஆனால் கசப்பு மாத்திரையால் காய்ச்சல் நின்று, சில வாரமோ சில மாதமோ கழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலே மறுபடி காய்ச்சல் கண்டவர்களும் உண்டு. அது ஏன்?

இதற்கு விடை 1980களின் தொடக்கத்தில் கிராடஸ்கி என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டது. வைவாக்ஸ் வகையின் வித்துயிர்கள் அனைத்துமே கல்லீரலில் உடனே பெருகுவதில்லை. சில, ஓர் உயிரணுவுக்குள் சுருண்டு, வளராமல் பெருகாமல் உறங்குகின்றன. ஹிப்னோசோவைட், அதாவது உறங்கும் உயிர் என்று பெயர். வயலில் கோரையைப் பிடுங்கியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேலே தலை தூக்கியதை எல்லாம் களைந்து வயலைச் சுத்தமாக்கிவிடுவோம். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். குளோரோகுயின் மாத்திரை இரத்தமென்னும் வயலின் கோரையைக் களைகிறது. கல்லீரலில் கிடக்கும் கிழங்கை அது தீண்டுவதில்லை. உறங்கும் உயிர் இருக்கும்போது எத்தனை முறை இரத்தத்தைச் சோதித்தாலும் சோதனை பொய்யாகவே 'இல்லை' என்னும். ஏனெனில் அது இரத்தத்தில் இல்லை.

அந்தக் கிழங்கைக் கிள்ளுவதற்கு உள்ள பழைய மருந்து பிரிமாகுயின். நம் அரசின் மருத்துவமுறைப்படி வைவாக்ஸ் நோயாளி அதனைப் பதினான்கு நாள் உட்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுகிறது; நான்காம் நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்; மீதி மாத்திரை அலமாரியில் கிடக்கிறது. வெளிமாநிலத்துக் கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் சென்று திரும்பும் நம் பக்கத்து இளைஞர்களிடம் இது சாதாரணமாக நடக்கிறது. பல மாதம் கழித்து வீட்டில் காய்ச்சல் கண்டால், தாம் எந்த ஊரில் இருந்தோம் என்பதை மருத்துவரிடம் கூறவேண்டுமென்றும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தகப்பனாருக்கோ அண்ணனுக்கோ இதனை எடுத்துச் சொல்லக் கூடியவர்கள் பள்ளிக்கூடத்தில் கல்லீரல் என்னும் சொல்லைப் படித்த நீங்கள்தாம்.

பிரிமாகுயின் எல்லோருக்கும் ஆகாது. சிலருடைய சிவப்பணுக்களில் பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களையே உடைத்துவிடும். கருவுற்றவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. ஆகவே கடையில் தாமே வாங்கி விழுங்கும் மருந்தன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. டஃபினோகுயின் என்று ஒரே வேளையில் உட்கொள்ளும் மருந்தொன்றுக்கு 2018இல் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இசைவு தந்தன. பதினான்கு நாள் பொறுமை அதற்கு வேண்டாம். நொதியின் சோதனை அதற்கும் வேண்டும். 2021இலும் 2023இலும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டு தடுப்பூசிகள், வித்துயிர் கல்லீரலை அடையுமுன்பே அதனை வழிமறிக்க முயல்பவை. இரண்டாவதைப் புனே நகரத்து நிறுவனம் ஒன்று தயாரிக்கிறது. இவ்விரண்டும் பால்சிபாரத்துக்கு மட்டுமே உரியவை. வைவாக்ஸ் வித்துயிரை அவை தடுப்பதில்லை. கல்லீரலில் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருப்பதையும் அவை எட்டுவதில்லை.